சருகு காத்திருக்கும், குதிகால் காத்திருக்காது

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவருக்கு வயது 64. நிமோனியாவுக்காக 5 நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பி 18 நாள் ஆகிறது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் தொற்று. லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை ஊசியும் மாத்திரையுமாக 7 நாள் கொடுத்திருக்கிறார்கள். மூச்சிரைப்பு இருந்ததால் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 5 நாள். ரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை உண்டு. 25 வருடம் புகைபிடித்தவர், விட்டு 8 வருடமாகிறது. காய்ச்சல் போய்விட்டது. இருமல் மட்டும் விடவில்லை, எடை 70-லிருந்து 66 கிலோவுக்கு இறங்கியிருக்கிறது, மாடிப்படி ஏறினால் இரைக்கிறது.

இலையுதிர்காலம் பாதி போய்விட்டதே என்பதுதான் அவருடைய பெரிய கவலை. நோய்க்கு முன்பே வாங்கிய 150 டியூலிப் கிழங்குகளும் 60 டாஃபடில் கிழங்குகளும் பெட்டியிலேயே கிடக்கின்றன. டேலியா பூச்செடிகளின் கிழங்குகளை இன்னும் தோண்டி எடுக்கவில்லை. புல்தரை முழுக்கச் சருகு. உரக்குவியலைக் கிளறிப் போடவேண்டும். மனைவியோ கட்டிலைவிட்டு இறங்கவே விடுவதில்லை. வீடு திரும்பிய 12-ஆம் நாள், மனைவி வெளியே போயிருந்த நேரம் பார்த்து 50 நிமிடம் சருகு வாரியிருக்கிறார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை.

“நோய் திரும்பிவிட்டதா? மகள் வீட்டில் மீந்த ஆன்டிபயாடிக் இருக்கிறது, இன்னொரு ரவுண்டு சாப்பிடலாமா? வெளிக்காற்றும் மண்ணும் நுரையீரலுக்கு நல்லதுதானே? மண்வெட்டியை எப்போது தொடலாம்?” என்று கேட்கிறார். ஆறாவது வாரத்தில் எடுக்கச் சொன்ன எக்ஸ்ரேயை, உடம்பு தேறிவிட்டால் விட்டுவிடலாமா என்றும் ஒரு கேள்வி. கடைசியில் பின்குறிப்பாக ஒரு வரி: நாலைந்து நாளாக இடது குதிகாலுக்கு மேலே வலி, காலையில் விறைப்பு, வயதுக்கு வருகிற வலியாக இருக்கும்.

பதில்

அன்புள்ள ஐயா,

தோட்டத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், குதிகாலுக்கு ஒரே வரி. நான் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் இந்த வாரமே கவனிக்கவேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

முதலில் குதிகால்

லெவோஃப்ளாக்சசின் சேர்ந்த மருந்துக் குடும்பத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அபூர்வமாகச் சிலருக்கு அது தசைநாண்களைப் பலவீனப்படுத்தும். அதிகம் அடிபடுவது கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கும் நாண். கணுக்காலுக்குப் பின்பக்கம் தொட்டால் கயிறுபோலத் தட்டுப்படுமே, அதுதான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது. மருந்து தொடங்கிய இரண்டு நாளிலும் இது வரலாம், நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008-லேயே இந்த மருந்துகளின் தகவல் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது இதற்காகத்தான். உங்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தது தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிமோனியாவுக்கு இது சரியான மருந்துகளில் ஒன்று. ஆனால் குதிகாலில் வலி தொடங்கிய பிறகு அதை வயதின் கணக்கில் எழுதுவது தவறு.

வலி எங்கே என்று கையால் தொட்டுப் பாருங்கள். பாதத்தின் அடியில், காலையில் முதல் அடி வைக்கும்போது குத்துகிற வலி என்றால் அது வேறு, அவ்வளவு அவசரமில்லாத தொல்லை. குதிகாலுக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டருக்குள், அழுத்தினால் வலித்து, நாண் தடித்துத் தெரிந்தால் நான் சொல்வதுதான் என்று சந்தேகப்படவேண்டும். வலி கெண்டைக்கால் சதையில் இருந்து, அந்தக் கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அதற்கு அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். மருத்துவமனையில் படுத்திருந்து வந்தவர்களுக்கு அந்த ஆபத்தும் சில வாரங்களுக்கு உண்டு.

இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் பார்க்கும்வரை நாணை நீட்டும் பயிற்சி வேண்டாம், அழுத்தித் தேய்க்கவேண்டாம், ஏணி வேண்டாம், மண்வெட்டித் தகட்டின் மேல்விளிம்பில் காலை வைத்து மிதிக்கவே வேண்டாம். மிதிக்கும்போது மண்வெட்டியைத் தள்ளுகிற பாதத்துக்கும் ஊன்றி நிற்கிற பாதத்துக்கும் ஒரே நொடியில் முழுப் பாரம் விழுகிறது. பலவீனமான நாண் அறுந்துபோவது பெரும்பாலும் இப்படிப்பட்ட ஓர் உதைப்பில்தான். ‘பட்’டென்று ஒரு சத்தம், பின்னால் இருந்து யாரோ உதைத்ததுபோல ஓர் உணர்வு, அதற்குப் பிறகு நுனிக்காலில் நிற்க முடியாது. அப்படி நடந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். இப்போதைக்கு வெறுங்காலில் நடக்காமல், குதிகால் சற்றே உயர்ந்த மெத்தென்ற காலணி போடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், நாளுக்கு 3 கிராமைத் தாண்டாமல். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அவை ரத்த அழுத்தத்தை ஏற்றும், உங்கள் அழுத்த மாத்திரையோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் படுத்தலாம்.

இன்னொன்று. மகள் வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாடிக்கின் பெயரைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் என்று இருந்தால் அதுவும் இதே குடும்பம். உங்கள் பிரச்சினை உறுதியானால் இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, இனி எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டவேண்டியிருக்கும்.

நோய் திரும்பவில்லை, கணக்குதான் தப்பு

ஏழு நாள் மாத்திரை முடிந்தது என்றால் கிருமியின் வேலை முடிந்தது என்று பொருள். அது விட்டுப்போன குப்பையை உடம்பு இனிமேல்தான் அள்ளவேண்டும். நுரையீரலின் காற்றறைகளில் தேங்கிய செத்த செல்களையும் நீரையும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கவேண்டும், உரிந்துபோன மூச்சுக்குழாய் உள்தோல் புதிதாக வளரவேண்டும். இருமல் தொடர்வது இதனால்தான். அதற்கு இன்னொரு ரவுண்டு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. குடலைக் கெடுக்கும், அடுத்த முறை மருந்து கேட்காமல் போக வழி செய்யும்.

நிமோனியாவில் எது எப்போது தேறும் என்பதற்கு சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நோயாளிகளிடம் சொல்லச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வாரத்தில் காய்ச்சல் போகும். 4 வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறைந்திருக்கும். 6 வாரத்தில் இருமலும் இரைப்பும் நன்றாகக் குறைந்திருக்கும். 3 மாதத்தில் பெரும்பாலும் எல்லாம் போயிருக்கும், அசதி மட்டும் இருக்கலாம். 6 மாதத்தில் பெரும்பாலானவர்கள் பழையபடி ஆகிவிடுவார்கள். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து எண்ணினால் நீங்கள் நாலாவது வாரத்தில் இருக்கிறீர்கள். மாடிப்படியில் இரைப்பதும் இருமலும் இந்தக் கணக்குக்குள்தான் வருகின்றன.

சரி, 50 நிமிடம் வாரும்போது நன்றாகத்தானே இருந்தது, பிறகு ஏன் இரண்டு நாள் விழுந்தீர்கள்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆற்றலை 1 என்று வைத்தால், சருகு வாருவது கிட்டத்தட்ட 4, மண் வெட்டுவது 5. ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலும் நாலு கிலோ இளைத்த உடம்பும் அந்த நாலைச் சிறிது நேரம் தாங்கும். உற்சாகத்தில் அசதி தெரியாது. அதற்கான விலையை மறுநாள் கேட்கும். ஆகவே வேலை செய்யும்போது எப்படி இருந்தது என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். மறுநாள் காலை எழும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் அளவுகோல். முந்தின காலையைப் போலவே இருந்தால் அந்த அளவு வேலை சரி. அதைவிட மோசம் என்றால், அன்று ஓய்வெடுத்துவிட்டு அடுத்த முறை பாதியாகக் குறைக்கவேண்டும்.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி

தோட்டத்துக்குப் போகாதே என்கிறாரே, அந்தப் பாதி சரி. கட்டிலைவிட்டு இறங்காதே என்பது சரியில்லை. ஆரோக்கியமான வயதானவர்களையே 10 நாள் படுக்கவைத்துப் பார்த்ததில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. உங்களுடைய நாலு கிலோவிலும் கணிசமான பங்கு தசையாகத்தான் இருக்கும். மல்லாந்து படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, அங்கே சளி தேங்கும். உங்களுக்குத் தொற்று வந்ததே அந்தக் கீழ்ப்பகுதியில்தான். கால் ரத்தம் உறையும் ஆபத்தை மேலே சொல்லிவிட்டேன்.

எனவே பகலில் கட்டிலைவிட நாற்காலி மேல். சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள், சன்னல் வழியே தோட்டம் தெரிகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை எழுந்து அறைக்குள் இரண்டு மூன்று நிமிடம் நடங்கள். அப்படியே மூக்கால் ஆழமாக இழுத்து, விளக்கை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விடுவதை ஐந்தாறு முறை செய்யுங்கள். மதியத் தூக்கம் முக்கால் மணி நேரத்துக்குள் இருக்கட்டும், இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும். இரவில் இருமல் அதிகம் என்றால் தலைமாட்டை உயர்த்திக்கொள்ளுங்கள்.

இழந்த தசை திரும்புவதற்குப் புரதம் வேண்டும். நோயிலிருந்து எழும் வயதானவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்பது கணக்கு, உங்களுக்கு 80 முதல் 100 கிராம். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

மண்ணும் சருகும்

‘வெளிக்காற்று நல்லது’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இலையுதிர்காலத் தோட்டத்தின் காற்று வெறும் காற்று அல்ல. அழுகும் சருகிலும் மட்கும் உரத்திலும் பூஞ்சைகள் கோடிக்கணக்கில் வித்துகளை வைத்திருக்கின்றன. குவியலைக் கிளறும்போது அவை புகைபோல எழும்பும். நல்ல நுரையீரல் அதைச் சமாளித்துவிடும். உள்தோல் இன்னும் வளராத, சமீபத்தில் ஸ்டீராய்டு எடுத்த நுரையீரலுக்கு அது தேவையில்லாத சோதனை.

கடையில் வாங்கும் தொட்டி மண் கலவைக்கும் கம்போஸ்ட்டுக்கும் தனியாக ஓர் எச்சரிக்கை தேவை. லீஜியனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா இவற்றில் வாழும். அதன் தூசியை மூச்சில் இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மண் கலவைப் பைகளின்மேல் இதற்காகவே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். 50 வயதைத் தாண்டியவர்களும் புகைத்தவர்களும்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். பையைக் கையால் கிழித்து, குனிந்து முகர்ந்து பார்க்கும் பழக்கம் பல தோட்டக்காரர்களுக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் விட்டுவிடுங்கள். பையைத் திறந்தவெளியில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கத்தரியால் வெட்டவேண்டும். பூவாளியால் லேசாக நனைத்துவிட்டுக் கையுறையோடு அள்ளவேண்டும். முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் வாய்க்குக் கொண்டுபோகக்கூடாது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் வந்தால், மண் கலவையைக் கையாண்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அதற்கான தனிப் பரிசோதனை அவர் நினைவுக்கு வரும்.

“என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்கிறேனே” என்பீர்கள். அந்தக் கவசம் தூசியைத் தடுக்கும், ஆனால் மூச்சு இழுப்பதையும் கொஞ்சம் கடினமாக்கும். என் கருத்து இதுதான்: கவசம் தேவைப்படுகிற வேலை எதுவும் உங்களுக்கு இந்த இரண்டு மாதத்துக்கான வேலை இல்லை. உரக்குவியலைக் கிளறுவது மூன்று மாதம் கழித்து. கிளறாத குவியலும் மட்கத்தான் செய்யும், என்ன, கொஞ்சம் மெதுவாக. பக்கத்தில் யாராவது சருகைக் கொளுத்தினால் வீட்டுக்குள் போய்ச் சன்னலைச் சாத்துங்கள். இலை ஊதும் இயந்திரம் ஓடும் இடத்திலும் நிற்கவேண்டாம்.

எதை எப்போது

கீழே சொல்லும் கணக்கு குதிகாலுக்கு மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகுதான். அதுவரை உட்கார்ந்து செய்கிறவை மட்டும்.

ஆறாவது வாரம் முடியும்வரை: சமதரையில் 10 நிமிட நடை, நாளுக்கு இரண்டு முறை. மறுநாள் காலை நன்றாக இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடியவேண்டும், பாதியில் நின்றால் வேகம் அதிகம். தோட்ட வேலையில், நாற்காலியும் மேசையும் போட்டுச் செய்யக்கூடியதை 10 நிமிடம், பிறகு அரை மணி ஓய்வு. கிழங்குகளைப் பிரிப்பது, பெயர்ச்சீட்டு எழுதுவது, கத்தரிக்கு எண்ணெய் போடுவது, இவ்வளவுதான். காலைப் பனியும் குளிரும் அடங்கிய பிறகு, முற்பகலில் வெளியே போங்கள். குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கி இருமலைக் கிளப்பும், ஒரு கழுத்துத் துணியை மூக்கின்மேல் சுற்றிக்கொண்டால் போதும்.

ஆறிலிருந்து எட்டு வாரம்: எக்ஸ்ரே திருப்தியாக இருந்தால், நின்றுகொண்டு மேசை உயரத்தில் 20 நிமிடம். தூக்குவது 3 கிலோவுக்குள். 10 லிட்டர் பூவாளி நிறைய நீர் என்றால் அது 10 கிலோ, மறந்துவிடாதீர்கள். கால்வாசிதான் நிரப்பவேண்டும். எதைத் தூக்கினாலும் தள்ளினாலும் அந்த முயற்சியின்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

எட்டு வாரத்துக்குப் பிறகு சருகு வாரலாம். முதல் நாள் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். லேசான ஈரமுள்ள சருகு நல்லது, தூசி எழும்பாது. சொதசொதவென்று நனைந்தது கனக்கும், வழுக்கும், அதைத் தொடவேண்டாம். மண் வெட்டுவதும் தள்ளுவண்டி நிறைய அள்ளித் தள்ளுவதும் எல்லாவற்றுக்கும் கடைசி. மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மண் உறைந்துகிடந்தால் வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது காத்திருக்கக்கூடாது

போன காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் திரும்பி வந்தால், சளியில் ரத்தம் வந்தால், உட்கார்ந்திருக்கும்போதே இரைத்தால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்தினால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சில் குழப்பம் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. நடுநெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தினால் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். நிமோனியாவுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு கூடும் என்பது பலருக்குத் தெரியாது. உங்களுக்கு ரத்த அழுத்தமும் இருக்கிறது, புகைத்த வரலாறும் இருக்கிறது.

வீட்டில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால் ஓய்வாக உட்கார்ந்து, கையைச் சூடாக்கிக்கொண்டு பாருங்கள். தோட்டத்திலிருந்து சில்லிட்ட விரலோடு வந்து மாட்டினால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். 92 சதவீதமும் அதற்குக் கீழும் ஆபத்து. கறுத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆகவே எண் நன்றாக இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டுகிறது என்றால் மூச்சை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

எக்ஸ்ரேயை விடாதீர்கள்

50 வயதைத் தாண்டியவர், 25 வருடம் புகைத்தவர். ஆறாவது வார எக்ஸ்ரே உங்களைப் போன்றவர்களுக்காகவே சொல்லப்படுவது. நிமோனியா தேறியதா என்று பார்ப்பது அதன் ஒரு பாதி. மறு பாதி, நிமோனியாவின் நிழலுக்குப் பின்னால் வேறு ஏதாவது கட்டி மறைந்திருக்கிறதா, மூச்சுக்குழாயை அது அடைத்ததால்தான் தொற்றே வந்ததா என்று பார்ப்பது. உடம்பு நன்றாக இருப்பது இதற்குப் பதில் ஆகாது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உங்கள் வயதில் நிழல் முழுதும் மறையப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகவே ஆறாவது வாரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் பதறாமல், மறுபடி எப்போது எடுக்கவேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே இன்ஃப்ளுயன்சா தடுப்பூசியையும் நிமோகாக்கஸ் தடுப்பூசியையும் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

இனி அந்த 210 கிழங்குகள்

தோட்டத்தின் கெடு நீங்கள் நினைக்கிற அளவு நெருக்கமில்லை. டியூலிப்புக்கு அவசரமே கிடையாது. மண் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பருவத்தின் கடைசியில் நடுவதே அதற்கு நல்லது. இலையைக் கருக்கும் பூஞ்சை நோய் அப்போது குறையும். மண் உறையாதவரை நடலாம். டாஃபடில்தான் முன்கூட்டி வேர்விட விரும்பும், அதற்கு முதலிடம் கொடுங்கள். 60 தனித்தனிக் குழி தோண்டுவதற்குப் பதிலாக, யாரையாவது கூப்பிட்டு 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரே நீளப் பள்ளமாக வெட்டச் சொல்லுங்கள். கிழங்குகளை முனை மேலே பார்க்க அடுக்கி மண்ணை மூடினால் முடிந்தது, பழகிய கைக்கு அரை மணி வேலை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து எந்த வகை எங்கே என்று சொன்னால் போதும்.

டேலியாவில் மட்டும் உங்கள் மண்ணைப் பார்த்து முடிவெடுக்கவேண்டும். குளிர்காலத்தில் மண் ஆழமாக உறையாத, நீர் தேங்காத இடம் என்றால் தோண்டவே வேண்டாம். உறைபனியில் இலை கறுத்ததும் தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சருகைக் குவித்துவிடலாம். புல்தரையில் கிடக்கிற சருகுக்கு அதைவிட நல்ல உபயோகம் இல்லை. ஆழமாக உறைகிற இடம் என்றால் தோண்டித்தான் ஆகவேண்டும். இலை கறுத்த பிறகு ஒன்றிரண்டு வாரம் பொழுது கிடைக்கும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி, முள்கரண்டி போன்ற கவைக்கோலைப் பாய்ச்சி நெம்பவேண்டும். ஈர மண்ணோடு வரும் கிழங்குக் கொத்து கிலோக்கணக்கில் கனக்கும், அது இந்த வருடம் இன்னொருவர் கையால் நடக்கட்டும்.

புல்தரைச் சருகு பல வாரம் ஈரமாக மூடிக்கிடந்தால் புல் அழுகும், அதை மட்டும் ஒருமுறை வாரிச் செடிப்பாத்திகளுக்குள் தள்ளிவிடச் சொல்லுங்கள். நடைபாதையில் விழுந்ததை உடனுக்குடன் அகற்றவேண்டும், உங்கள் குதிகால் இருக்கிற நிலையில் ஒரு வழுக்கல் போதும். பாத்தியில் காய்ந்து நிற்கும் செடிகளை வெட்டாமல் விடலாம், வசந்தம்வரை அவற்றால் ஒரு கெடுதலும் இல்லை.

கிழங்குப் பெட்டிகளை இன்றே திறந்துவிடச் சொல்லுங்கள், வீட்டுக்குள் வைத்து அல்ல, வெளியே வைத்து. பிளாஸ்டிக் பையில் இருந்தால் காகிதப் பைக்கோ வலைப் பைக்கோ மாற்றி, உறையாத, குளிர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைக்கவேண்டும். மேல்தோலில் நீலப்பச்சையாகக் கொஞ்சம் பூஞ்சை பூத்திருந்தால் கிழங்குக்கு ஆபத்தில்லை. அழுத்திப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், பொதபொதவென்று இருந்தால் எறிந்துவிடலாம். அந்தப் பூஞ்சையை நீங்கள் உதறித் துடைக்கவேண்டாம், உங்கள் மனைவி செய்யட்டும். டியூலிப் கிழங்கின் சாறு சிலருக்கு விரல்தோலை வெடிக்கவைக்கும், அவரிடம் கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.